உடையாத பவளம்

வெண்பார்த் தீவில் யாரோ மணலைத் திருடுகிறார்கள் என்று குடியேற்ற வாரியம் முடிவு கட்டிவிட்டது. திருடனைக் கண்டுபிடிக்கத்தான் ஜெசிந்தா மச்சாதுவை அனுப்பினார்கள்.

ஜெசிந்தா போலீஸ்காரி அல்ல. தூத்துக்குடிக்காரி, நிலவியல் படித்தவள், வயது முப்பத்தொன்பது. மணல் என்றால் அவளுக்கு ஒரு பைத்தியம். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஒரு சிட்டிகை மணலைத் தாளில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அது எந்த மலையில் பிறந்தது, எந்த ஆற்றில் உருண்டது, எத்தனை காலம் அலைபட்டது என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவாள். வாரியம் அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

குமரிமுனையிலிருந்து தென்மேற்கே இரண்டு நாள் கப்பல் பயணம். மூன்றாம் நாள் காலையில் தீவு தெரிந்தது. தீவு என்று சொன்னால் கண்ணுக்கு வருகிற உருண்டை நிலம் அல்ல அது. நடுக்கடலில் யாரோ ஒரு வளையலைக் கழற்றி வைத்தாற்போல், பதினான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு பவளப் பார், கடலுக்குள் வளர்ந்த பாறைத் திட்டு. பாரின் வெளிப்பக்கம் கருநீலப் பெருங்கடல். உள்பக்கம் அசையாத பச்சைத் தண்ணீர், காயல். வளையத்தின் தெற்கு ஓரத்தில் மட்டும் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் பட்டை. அதில்தான் அறுநூறு குடும்பங்கள் இருந்தன. எல்லாரும் பாம்பன், தங்கச்சிமடம் கரைகள் கடலுக்குள் போனபோது கொண்டுவரப்பட்டவர்கள். அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

அவர்களைக் கொண்டுவருவதற்குச் சில வருடங்கள் முன்பே இந்தப் பாரின் இயற்கைப் பவளம் கடல் சூட்டில் வெந்து செத்துப் போயிருந்தது. அந்த இடத்தில் டாக்டர் இளம்பரிதி உருவாக்கிய புதுப் பவளத்தை விதைத்தார்கள். எந்தச் சூட்டையும் தாங்கும், வருடத்துக்கு ஒரு சாண் உயரும், கருங்கல்லைவிடக் கெட்டி. அதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு நீண்ட பெயர் இருந்தது. சனங்கள் இரும்புப் பவளம் என்றார்கள். இன்று உலகத்தில் நாற்பத்தொரு பவளத் தீவுகளைச் சுற்றி அந்த இரும்புப் பவளம்தான் கோட்டைச்சுவர் மாதிரி நிற்கிறது.

சுவர் நிற்கிறது, சரி. ஆனால் வெண்பாரில் கரை கரைந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடத்தில் காயல் பக்கம் பதினொரு மீட்டர் கடற்கரை காணோம். குடியேறியவர்கள்தான் அள்ளி விற்கிறார்கள் என்று வாரியம் சந்தேகப்பட்டது. அது நிரூபணமானால் ஒப்பந்தம் ரத்து. அறுநூறு குடும்பங்களையும் தருமபுரிப் பக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். கடல் என்ற ஒன்றே இல்லாத ஊர்.

இறங்குதுறையில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, உப்பில் வெளுத்த முழுக்கைச் சட்டை, நெற்றியில் கண்ணாடி. கடல்பாசி எடுக்க மூழ்குகிறவர்கள் போடுகிற கண்ணாடி. அவள் சூசைமரியாள், தீவுக் குழுவின் தலைவி.

"நீங்கதான் திருடனப் பிடிக்க வந்தவுகளா?"

"மணலப் பாக்க வந்தேங்க்கா."

"ரெண்டும் ஒண்ணுதான. வாங்க, எங்க வீட்டுலருந்தே ஆரம்பிங்க. அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூசைமரியாள் சிரிக்கவில்லை.

முதல் வாரத்திலேயே ஜெசிந்தாவுக்குத் திருட்டுக் கதையில் நம்பிக்கை போய்விட்டது. காணாமல் போன மணலைக் கணக்குப் போட்டால், அறுநூறு குடும்பமும் ஒன்பது வருடம் வேறு வேலையே செய்யாமல் அள்ளியிருக்க வேண்டும். அள்ளினாலும் ஏற்றிப்போக அத்தனை கப்பல் இங்கே வரவில்லை. வீடுகளோ எல்லாம் வாரியம் கொடுத்த பலகை வீடுகள். ஒரு கைப்பிடி மணல் சேர்த்துக் கட்டிய சுவர்கூட இல்லை.

அப்படியானால் மணல் எங்கே போகிறது? பெரிய அலைகள் வழக்கமாக இழுத்துக்கொண்டு போகிற அளவுதான் போயிருந்தது. எல்லாத் தீவுகளிலும் அவ்வளவு போகும். போகிற மாதிரி வரவும் செய்யும். இங்கே வரவு எங்கே?

நாற்பது நாளில் இருநூறு இடங்களில் மணல் எடுத்தாள். சோற்று வாளி அளவில் ஒரு கருவி வைத்திருந்தாள். ஒவ்வொரு மணல் மணியும் பவளமாக வளர்ந்தபோது கடலிலிருந்து கொஞ்சம் யுரேனியத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அது எவ்வளவு உருமாறியிருக்கிறது என்று பார்த்தால் மணியின் வயது தெரிந்துவிடும். ஜெசிந்தா பள்ளிக்கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து மணி மணியாக வயது பார்த்தாள்.

ஒரு நாள் மத்தியானம் சூசைமரியாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய 'மேடம்' கரைந்து 'தாயி' ஆகியிருந்தது.

"மணலுக்குக்கூட வயசு பாப்பீகளா?"

"பாக்கலாங்க்கா. இந்தா, இது எண்ணூறு வருஷம். இது நூத்தி இருவது. இது முப்பது."

"பொறவு ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு?"

"ஒரு ஊருக்குப் போறீங்கன்னு வைங்க. கிழவங்க இருக்காங்க, நடுவயசுக்காரங்க இருக்காங்க. ஆனா இருவத்தஞ்சு வயசுக்குக் கீழ ஒரு ஆள்கூட இல்ல. என்ன நினைப்பீங்க?"

சூசைமரியாள் யோசித்தாள். "அந்த ஊருல பிள்ளையே பொறக்கல."

"அதான் இங்க. மணல யாரும் திருடலக்கா. இருவத்தஞ்சு வருஷமா இந்தத் தீவுல மணலே பொறக்கல."

சூசைமரியாள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "மணலு எங்கருந்து பொறக்கும்? அத மொதல்ல சொல்லுங்க."

ஜெசிந்தாவுக்கு இப்படி ஒருவர் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தாள்.

"இந்த இடத்துல ஒரு காலத்துல எரிமலை இருந்திச்சு. கடலுக்கு மேல நின்ன மலை. அதச் சுத்தி ஓரத்துல பவளம் வளந்திச்சு. மலை தன் பாரம் தாங்காம மெல்ல மெல்ல அமுங்க ஆரம்பிச்சிச்சு. பவளத்துக்கு வெளிச்சம் வேணும், அதனால அது செத்த பவளத்து மேலயே ஏறி ஏறி மேல வந்துக்கிட்டே இருந்திச்சு. மலை முழுசா முங்கிப் போச்சு. சுத்தி இருந்த பவள வட்டம் மட்டும் மிச்சம். நாம நிக்கிற இடத்துல குழாய் போட்டா ஆயிரத்து நூறு மீட்டர் வரைக்கும் பவளக்கல்லுதான் வரும். அதுக்கும் கீழதான் கரும்பாறை."

"அப்ப நான் எரிமலை தலை மேல அடுப்பு வச்சிக் கஞ்சி காச்சுறேனா?"

"அணைஞ்சு போன எரிமலை."

"சரி. பாரு பவளம். தீவு?"

"தீவுதான் இந்த மணல். பவளம் தண்ணிக்கு மேல வளராது. தண்ணி மட்டம் வரைக்கும்தான். அதுக்கு மேல நிலம்னு ஒண்ணு வேணும்னா, பவளம் உடையணும். பொடியாகணும். அலை அதக் கொண்டாந்து குமிக்கணும்."

சொல்லிக்கொண்டே வந்த ஜெசிந்தா சட்டென்று நிறுத்தினாள். கையில் இருந்த சுண்ணக்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தாயி?"

"ஒண்ணும் இல்லக்கா. யாரு பொடியாக்குவாங்கன்னு நினைச்சிப் பாத்தேன்."

மறுநாள் காலை சூசைமரியாள் ஒரு மீனை இலையில் சுற்றிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தாள். நீலமும் பச்சையுமாகப் பளபளத்த கிளிமீன். ஆனால் எலும்பும் தோலுமாக இருந்தது.

"நேத்து ராவெல்லாம் எனக்கு இதே நெனப்பு. இதோட வாயத் தொறந்து பாருங்க."

கிளிமீனுக்குப் பல் தனித்தனியாக இருக்காது. கிளியின் அலகு போல ஒரே கட்டாக, கல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும். இந்த மீனின் அலகு ஈறு வரை தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் விண்டும் போயிருந்தது.

"இங்க மாட்டுற கிளிமீனு எல்லாம் இப்புடித்தான், பொக்கவாயி. நாங்க வந்த மூணாவது வருசத்துலருந்து பாக்குறோம். வாரியத்து ஆளுக வந்தப்பக் கொண்டுபோயிக் காமிச்சோம். 'மீனுக்குப் பல்லுக் கட்டுற டாக்டரா நாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சாக."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அந்த மீனின் வாயை விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இதுதான் மணல் செய்யுற ஆளு. பாசி தின்கிறதுக்காகப் பவளக்கல்லக் கடிக்கும். கல்லுப் பூராவும் வயித்துக்குள்ள அரைபட்டு, மாவாகிப் பின்னால வந்துரும். ஒரு பெரிய மீனு வருஷத்துக்கு நானூறு கிலோ மணல் போடும். இதுபோக முள்ளெலி மாதிரி கடல்முள்ளி சுரண்டும், புயல் வந்து கிளைகிளையா ஒடிச்சுப் போடும். இரும்புப் பவளத்த மீனும் கடிக்க முடியல, முள்ளியும் சுரண்ட முடியல, புயலும் ஒடிக்க முடியல."

"இருங்க இருங்க. அப்ப எங்க தீவு... மீனு பேண்டதா?"

"முக்காவாசி."

சூசைமரியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். ஜெசிந்தா வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "கீழ எரிமலை, மேல மீனு பீ. நல்ல எடமாப் பாத்துத்தான் குடுத்திருக்காக!"

சிரித்து ஓய்ந்ததும் சூசைமரியாள் கேட்டாள். "இது எழுதிப் போட்டா எங்களத் திருடன்னு சொல்ல மாட்டாகல்ல?"

"சொல்ல மாட்டாங்க. ஆனா வேற மாதிரி சொல்லுவாங்க. மணல் பொறக்காத தீவுல ஆள் இருக்க முடியாது, காலி பண்ணுங்கம்பாங்க."

"அதுக்குத் திருடனாவே இருந்திருக்கலாம்," என்றாள் சூசைமரியாள்.

கடைசி ஆறு பொட்டலங்கள் மிச்சமிருந்தன. காயலுக்கு அப்பால், பாரின் வடமேற்கில், ஆள் போகாத முனையில் எடுத்தவை. கடமைக்காகத்தான் ஜெசிந்தா அவற்றைக் கருவியில் போட்டாள். நூற்றுத் தொண்ணூற்றேழாம் எண் பொட்டலத்தில் முதல் மணி நாற்பது வருடம். இரண்டாவது மணி மூன்று வருடம்.

கருவி தப்புச் செய்கிறது என்று நினைத்தாள். இன்னொரு மணி போட்டாள். ஐந்து வருடம். இன்னொன்று, எட்டு. உருப்பெருக்கியில் பார்த்தபோது, முனை மழுங்காத, பால் வெள்ளையான, அப்போதுதான் உடைந்த துணுக்குகள். எங்கோ உடைகிற பவளம் ஒன்று உயிரோடு இருக்கிறது.

சூசைமரியாளின் படகில் இருவரும் போனார்கள். காயலைக் குறுக்கே கடக்க இரண்டு மணி நேரம். ஜெசிந்தா வழியெங்கும் பாரின் ஓரத்தில் மணல் எடுத்து எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தாள். புது மணிகள் எந்தப் பக்கம் கூடுகின்றனவோ அந்தப் பக்கம் படகைத் திருப்பச் சொன்னாள். கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு மூடிய குட்டை. நாலாபுறமும் பார், நடுவில் இடுப்பளவு தண்ணீர். காலை வைத்தால் குளிக்கிற வெந்நீர் மாதிரி சுட்டது.

"இங்க ஒண்ணும் வளராதுன்னு நாங்க வர்றதில்ல," என்று சொல்லியபடி சூசைமரியாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மூழ்கினாள். எழுந்தபோது அவள் முகமே மாறியிருந்தது. "தாயி, உள்ள வந்து பாருங்க."

மான்கொம்புப் பவளம். பழுப்பும் ஊதாவுமாக, கிளை கிளையாக, குட்டையின் அடி முழுக்க. எல்லாக் கடலிலும் வெந்து செத்த பவளத்தின் ஒரு துண்டு, இந்தச் சுடுதண்ணீரிலேயே தலைமுறை தலைமுறையாகப் பழகிப் பிழைத்திருக்கிறது. கிளிமீன்கள் கூட்டமாக நின்று கடித்துக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் கறுக் கறுக்கென்ற சத்தம் காதில் விழுந்தது. ஜெசிந்தா ஒரு கிளையைத் தொட்டாள். பட்டென்று ஒடிந்து கையோடு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

பிறகுதான் நூலைப் பார்த்தாள்.

ஒவ்வொரு கிளையும் அடியில் வெள்ளை நைலான் நூலால் கல்லோடு கட்டப்பட்டிருந்தது. வரிசை வரிசையாக, முழ இடைவெளியில். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சின்னத் தகடு, அதில் தேதி. கடைசித் தேதி போன ஞாயிற்றுக்கிழமை. ஓரத்தில் இருந்த முதல் தகட்டில் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

தண்ணீரிலிருந்து எழுந்த சூசைமரியாள் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பறவை பாக்கப் போறேன்னு தனியாப் படகெடுத்துட்டு வர்றது ஒரே ஆளுதான்."

டாக்டர் இளம்பரிதிக்கு எழுபத்தொரு வயது. ஓய்வு பெற்றபின் இந்தத் தீவிலேயே, இறங்குதுறைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தார். ஈர உடையோடு வந்து நின்ற இருவரையும், ஜெசிந்தா கையில் இருந்த தகட்டையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. யாராவது ஒருத்தர் மணலைப் பிடிச்சுக்கிட்டே வருவாங்கன்னு நினைச்சேன்."

"எப்பத் தெரியும் சார் உங்களுக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"பதினோரு வருஷமா. உடையக்கூடாதுன்னு கேட்டாங்க, உடையாததைச் செஞ்சு குடுத்தேன். அன்னைக்கு அது சரிதாம்மா. பார் செத்துப்போய், அலை நேரா வீட்டுக்குள்ள வந்துக்கிட்டிருந்தது. சுவர் வேணும்னாங்க. தீவுன்னா சுவரு மட்டும்தான்னு நானும் நினைச்சேன். எதுக்கு உடையுதுன்னு நான் யோசிக்கவே இல்ல."

"தெரிஞ்ச பிறகு ஏன் சொல்லல?"

"நாற்பத்தொரு தீவு. ரெண்டு லட்சம் பேர். நான் வாயைத் திறந்தா அத்தனை பேரையும் மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. குட்டையில பிழைச்சுக் கிடந்த ரெண்டு கிளையை ஒடிச்சு நட்டுப் பெருக்கி, கையில ஒரு மாற்று வச்சுக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

இதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சூசைமரியாள் கேட்டாள். "மாத்து எப்ப கைக்கு வந்துச்சு?"

"அஞ்சு... ஆறு வருஷம் முன்னாடி."

"பெறகு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பிறகு பழகிடுச்சு," என்றார்.

"ஆறு வருசம் முன்னாடிதான் எந் தங்கச்சி பிலோமினா வீட்டுக் கரை போச்சு," என்றாள் சூசைமரியாள். அவள் குரல் உயரவில்லை. "அவ வீட்டுக்காரரு மணலு அள்ளித்தான் போச்சுன்னு வாரியம் சொல்லுச்சு. ரெண்டு பிள்ளைகளோட கப்பல்ல ஏத்துனாக. இங்க, இந்தத் தொறையில. நான் கத்திக்கிட்டுக் கெடந்தேன். நீங்க இந்த வாசல்ல நின்னீக டாக்டரு. நான் பாத்தேன்."

"நின்னேன்," என்றார் இளம்பரிதி.

சூசைமரியாள் திரும்பி நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேச்சு இல்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். ஜெசிந்தா எதையும் மறைக்கவில்லை. தெற்குப் பாரில் அரை மைல் நீளத்துக்கு இரும்புப் பவளத்தை அறுத்தெடுக்க வேண்டும். அங்கே உடைகிற பவளத்தை நட வேண்டும். தெற்குக் கரையில் வாரியம் கட்டிய தடுப்புச்சுவரையும் பிரிக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

"எதுக்குக் காத்திருக்க?" என்று கேட்டார் அருளப்பன் என்ற வலைக்காரர்.

"புயலுக்கு. புயல் வந்து ஒடிக்கணும். ஒடிச்சத உள்ள கொண்டாந்து கொட்டணும். அப்பத்தான் தரை உசரும். தடுப்புச்சுவர் இருந்தா தண்ணியும் வராது, மணலும் வராது."

"அப்ப தெக்கு வரிசை வீடுக?"

"நிக்காதுங்கண்ணே. நாப்பத்து மூணு வீடு. இன்னொண்ணும் சொல்லிருதேன். தெக்க கொட்டிக் கொட்டி, காயல் பக்கம் நகந்து நகந்துதான் இந்தத் தீவு பிழைக்கும். தீவு இருக்கும். ஆனா இதே இடத்துல இருக்காது."

கூட்டத்தில் ஒரே கூச்சல். சுவரைப் பிரிக்கச் சொல்லவா இவள் இங்கே வந்தாள் என்றார் ஒருவர். இருபத்திரண்டு வருடமாகக் கடலைத் தள்ளி வைத்துப் படுத்திருக்கிறோம், இப்போது வா என்று கூப்பிடுவதா என்றாள் ஒரு பெண். சூசைமரியாள் கூச்சல் அடங்கும் வரை சும்மா நின்றாள். அவள் வீடு தெற்கு வரிசையில் நாலாவது.

"தெக்கு வரிசைக்காரவுக மட்டும் கை தூக்குங்க," என்றாள். "மத்தவுக கைய மடியில வைங்க. அடுத்தவுக வீடு போறதுக்கு நீங்க கை தூக்க வேணாம்."

நாற்பத்து மூன்று வீட்டில் இருபத்தொன்பது கைகள் எழுந்தன. கடைசியாக எழுந்தது அருளப்பன் கை. எழாத பதினாலு வீட்டில் எட்டு வீட்டார் அடுத்த கப்பலில் தருமபுரிக்குப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

வாரியம் முதலில் மறுத்தது. பாரில் உளி பட்டால் அன்றைக்கே வெளியேற்றம் என்று கடிதம் வந்தது. அந்த வாரக் கப்பலில் இளம்பரிதி சென்னைக்குப் போனார். வாரியத்தின் முன்னால் நின்று, பதினோரு வருடக் கதையை, தேதித் தகடுகளோடு, ஒன்றும் விடாமல் சொன்னார். பிலோமினாவின் குடும்பத்தைப் பற்றியும் சொன்னார். இரண்டு நாள் விசாரித்தார்கள். அவருக்குக் கொடுத்திருந்த விருதுகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்ற நாற்பது தீவுகளிலிருந்தும் அவருக்கு வசை வந்து குவிந்தது. ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டதால் வாரியத்தால் மூடி மறைக்க முடியவில்லை. வெண்பாரை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்கிறோம், ஐந்து வருடம் தருகிறோம், அதற்குள் தரை ஓர் அங்குலமாவது உயர்ந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

வேலை அவர்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஒரு முழம் இரும்புப் பவளத்தை அறுக்க ஒரு வைர ரம்பம் முழுசாகத் தேய்ந்தது. பாசி எடுக்கிற பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். மூச்சை அடக்கி அடியில் நிற்கப் பழகியவர்கள் அவர்கள். ஒரு வருடம் அறுத்தார்கள், அடுத்த வருடம் நட்டார்கள், தடுப்புச்சுவரையும் பிரித்தார்கள். ஜெசிந்தா வாரிய வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கினாள். சென்னையிலிருந்து திரும்பிய இளம்பரிதிக்கு மூழ்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. கரையில் உட்கார்ந்து கிளைகளைக் கல்லில் வைத்துக் கட்டிக் கட்டிக் கொடுத்தார். அவர் கட்டியதைச் சூசைமரியாள் வாங்கிக்கொண்டு போவாள். முகம் பார்க்க மாட்டாள்.

மூன்றாம் வருடம் மான்கொம்பு முழங்கால் உயரத்துக்கு வந்தது. புயல் வரவில்லை. நாலாம் வருடமும் ஐப்பசி வரை கடல் குளம் மாதிரி கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சனங்கள் வானிலை அறிக்கையில் நல்ல செய்தியைக் கேட்டு முகம் தொங்கினார்கள்.

கார்த்திகை பதிமூன்றாம் தேதி காலையில் வந்தது. தெற்கு வரிசைக்காரர்கள் எல்லாரும் காயல் பக்கம், தூண்கள் மேல் கட்டிய பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள். பகல் முழுக்க அடித்தது. ஜெசிந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பாரைத் தாண்டிப் பழுப்பு அலைகள் நடந்து வந்தன. அலைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், ஆயிரம் வண்டி சரளைக்கல்லை ஒரே நேரத்தில் சாய்க்கிற மாதிரி. தெற்கு வரிசையில் முதல் வீடு மண்டியிட்டது. இரண்டாவது அப்படியே மிதந்து திரும்பியது. சூசைமரியாள் நாலாவது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போனபோது, "போச்சு," என்று மட்டும் சொன்னாள். அவள் கையை அருளப்பனின் மனைவி பிடித்துக்கொண்டாள். அவளுடையது ஆறாவது வீடு.

விடிந்ததும் இறங்கி வந்தார்கள். தென்னைகளில் பாதி இல்லை. கிணறுகள் உப்பாகிவிட்டன, அவை தெளிய இரண்டு மழைக்காலமாவது ஆகும். தெற்கு வரிசை இருந்த இடத்தில் ஒரு வீட்டின் வாசற்படிகூட இல்லை.

அந்த இடத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒரு மேடு கிடந்தது.

ஒடிந்த பவளம். விரல் விரலாக, கிளை கிளையாக, வெள்ளையும் பழுப்பும் ஊதாவுமாக, கோடிக்கணக்கில். நடந்தால் காலடியில் பீங்கான் துண்டுகள் போலக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. சிலர் குனிந்து ஒன்றை எடுத்து, முகர்ந்து, மறுபடி கீழே வைத்தார்கள். இரண்டு பெண்கள் தங்கள் வீட்டு வாசல் எங்கே இருந்தது என்று அடி எண்ணித் தேடினார்கள்.

சூசைமரியாளும் எண்ணி நடந்தாள். ஓர் இடத்தில் நின்றாள். "இதான் என் அடுப்படி. அளங்க."

ஜெசிந்தா அளவுகோலை ஊன்றிப் பழைய தரைமட்டக் குறியோடு சரிபார்த்தாள். நம்பாமல் இரண்டு தடவை பார்த்தாள். "நாப்பத்தாறு சென்டிமீட்டர்க்கா."

"கையால காட்டுங்க."

ஜெசிந்தா குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். வாரியம் கேட்டது ஓர் அங்குலம்.

"இது மணலாகி, ஒரு செடி முளைக்க?"

"பத்து, பன்னண்டு வருஷம். ஆனா இந்த ஒரு வரிசைதான்க்கா உசந்திருக்கு. தீவு முழுக்க இப்படி ஆகணும்னா இன்னும் நிறைய வேணும்."

சூசைமரியாள் தலையாட்டினாள். மேட்டின் கோடியில் இளம்பரிதி தனியாக நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் வரத் துணியாமல். அவள் அவரை நோக்கி நடந்தாள். நாலு வருடம் கழித்து அவரோடு பேசிய முதல் வார்த்தையை எல்லாரும் கேட்டார்கள்.

"டாக்டரு, எந் தங்கச்சிக்கு நீங்க கடுதாசி எழுதணும். வாரியம் எழுதக் கூடாது, நாங்களும் எழுதக் கூடாது. நீங்க எழுதணும். வரட்டும், வராமப் போகட்டும், அது அவ பாடு."

"எழுதறேன்," என்றார் அவர்.

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மன்னித்தாளா என்று, பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. பிறகு சூசைமரியாள் திரும்பித் தெற்கே, நேற்று அத்தனை வீட்டையும் கொண்டுபோய்விட்டு இன்று ஒன்றுமே நடக்காதது போல் நீலமாகக் கிடந்த கடலைப் பார்த்தாள். கண்ணுக்குமேல் கையை வைத்து, அடிவானத்தில் மேகம் ஏதாவது திரள்கிறதா என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள்.

"தாயி," என்று கேட்டாள், "அடுத்த புயலு எப்ப வரும்?"